தொற்றுநோய்க் காலத்தில் எம்.எல்.ஏ. தகவல் சொல்வது கடமையா, விளம்பரமா?

ஒரு வாசகர் அனுப்பிய கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொரோனா காலத்தில் இவருடைய தொகுதி எம்.எல்.ஏ. தினமும் வாட்ஸ்ஆப்பிலும் முகநூலிலும் நிலவரம் போட்டுக்கொண்டே இருந்தாராம். கலெக்டர் இருக்கிறார், சுகாதாரத் துறை இருக்கிறது, அப்போது சாயங்காலம் டிவியில் எண்ணிக்கை வந்துவிட்டது, அப்புறம் எம்.எல்.ஏ. எதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும், இது அவர் வேலையா, அடுத்த தேர்தலுக்கான விளம்பரமா என்று கேட்கிறார். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. சட்டப்படி அவருக்கு இந்தப் பொறுப்பு உண்டா என்பது ஒன்று. இல்லையென்றால், அவர் சொன்னதால் மக்களுக்கு ஏதாவது பயன் இருந்ததா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் சுலபம். இரண்டாவதற்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் பொதுச் சுகாதாரத் துறையில் சுகாதார ஆய்வாளராகச் சேர்ந்து, பெரும்பாலும் கிராமப்புற வட்டாரங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயிற்றுப்போக்கு, டெங்கு, கடைசியாகக் கொரோனா என்று பார்த்திருக்கிறேன். சென்னை நிலவரம் எனக்குச் சக ஊழியர்கள் சொல்லியும் செய்திகள் வழியாகவும் தெரிந்ததுதான். சட்டமும் வேலைக்குத் தேவைப்பட்ட அளவுக்குத்தான் தெரியும்.

சட்டத்தில் எம்.எல்.ஏ.வுக்கு இடமே இல்லை என்பது உறுதி. 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம், பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளைக்காரர்கள் அவசரமாகக் கொண்டுவந்தது, அதிகாரத்தை மாநில அரசிடம் கொடுக்கிறது. நம் மாநிலத்தின் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் சுகாதார அலுவலருக்குக் கொடுக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்ட 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்கிறது. ஒரு தெருவை அடைக்கவோ திறக்கவோ, ஒருவரைத் தனிமைப்படுத்தவோ எம்.எல்.ஏ.வால் உத்தரவு போட முடியாது. ஆகவே தகவல் சொல்லாத எம்.எல்.ஏ.வை எந்தச் சட்டத்தின் பேரிலும் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் கொரோனா வந்த நேரத்தில் தமிழ்நாட்டில் ஒரு விசித்திரமான நிலைமை இருந்தது. பலருக்கு அது மறந்தே போய்விட்டது. நகராட்சி, மாநகராட்சிகளில் 2016 அக்டோபரில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். அதாவது சென்னை, கோவை, மதுரை மாதிரி நகரங்களில் கொரோனாவின் இரண்டு அலைகளின்போதும் வார்டுக்கு ஒரு கவுன்சிலர் என்று யாருமே கிடையாது. கிராமங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தாலும், காஞ்சிபுரம், விழுப்புரம், நெல்லை உட்பட ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர் வரை ஊராட்சித் தலைவர்கள் இல்லை. சாதாரணமாகக் குடிநீர் வரவில்லை என்றால் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்பவர்களுக்கு, கொரோனா வந்தபோது போய் நிற்க ஒரு வாசல் இல்லை. மேலே பார்த்தால் நேராக எம்.எல்.ஏ.தான். 2011 கணக்கெடுப்பின் ஏழே கால் கோடி மக்களை 234 தொகுதிகளால் வகுத்தால் தொகுதிக்குச் சுமார் மூன்று லட்சம் பேர். மூன்று லட்சம் பேருக்கு ஒரு கவுன்சிலர் வேலையைப் பார்க்க வேண்டிய நிலைமை. சட்டத்தில் இல்லாத அந்த வேலை இப்படித்தான் அவர் தலையில் வந்து விழுந்தது.

சரி, கலெக்டர் அறிக்கையில் இல்லாதது எம்.எல்.ஏ.விடம் என்ன இருந்தது? மாலையில் வரும் மாநில அறிக்கை மாவட்ட அளவோடு நின்றுவிடும். இன்று இத்தனை பேருக்குத் தொற்று, இத்தனை பேர் வீடு திரும்பினர், இத்தனை பேர் இறந்தனர். வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி காதில் விழும், அவ்வளவுதான். அவருக்குத் தெரிய வேண்டியது வேறு. எங்கள் தெருவை ஏன் தகரம் வைத்து அடைத்தார்கள், எப்போது எடுப்பார்கள்? ரேஷன் கடையில் ஆயிரம் ரூபாய்க்கு டோக்கன் எங்களுக்கு எந்தத் தேதி? சளி மாதிரி எடுக்க எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும், சாப்பிட்டுவிட்டுப் போகலாமா? டயாலிசிஸ் செய்ய டவுனுக்குப் போகும் அப்பாவுக்கு இ-பாஸ் யார் தருவார்கள்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் எங்கள் துறையில் பதில் இருந்தது. ஆனால் ஒரு மேஜையில் இல்லை. தெரு அடைப்பு விவரம் உள்ளாட்சியிடம், பரிசோதனை விவரம் வட்டார மருத்துவ அலுவலரிடம், டோக்கன் கூட்டுறவுத் துறையிடம், இ-பாஸ் வருவாய்த் துறையிடம். துறைக்குத் துறை போன் செய்தால் பதில் கிடைக்கும் ஆள் ஒருவர்தான். எம்.எல்.ஏ. ஆபீசிலிருந்து என்றால் தாசில்தாரும் எடுப்பார், டாக்டரும் எடுப்பார், ரேஷன் கடைகளைப் பார்க்கும் கூட்டுறவு சார்பதிவாளரும் எடுப்பார். நாலு இடத்துப் பதிலையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுக்க அவரால் முடியும். இதைச் செய்தவர்கள் உண்மையிலேயே பெரிய உபகாரம் செய்தார்கள். மாநில அறிக்கையை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மேலே கைகூப்பிய படத்தை வைத்துப் போட்டவர்கள் எதுவும் செய்யவில்லை. உங்கள் எம்.எல்.ஏ. எந்த ரகம் என்று தெரிய வேண்டுமானால், பழைய பதிவுகள் ஒன்றிரண்டை எடுத்து அவர் படத்தையும் பெயரையும் விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். அது எந்தத் தொகுதிக்கு எழுதியது என்று கண்டுபிடிக்க முடிகிறதா?

நேரம் என்று ஒன்று இருக்கிறது. 2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. சென்னை, கோவை, மதுரையில் 26ஆம் தேதியிலிருந்து நான்கு நாட்களுக்கு முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். நடுவில் இருந்தது சனிக்கிழமை ஒரே ஒரு நாள். அன்று கோயம்பேட்டிலும் கடைத்தெருக்களிலும் நின்ற கூட்டத்தைப் படத்தில் எல்லோரும் பார்த்தோம். கோயம்பேடு சந்தை பிறகு பெரிய தொற்று மையமாகி, மே 5ஆம் தேதி மூடப்பட்டு, காய்கறிக் கடைகள் திருமழிசைக்குப் போயின. அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியாகக் கடலூர், விழுப்புரம், அரியலூரில் எண்ணிக்கை எகிறியது. அந்த ஒரு நாள் கூட்டத்தால்தான் இது நடந்தது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. அறிவிப்புக்கு முன்பே சந்தைக்குள் நோய் நுழைந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஆனால் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அன்று மக்களுக்குக் கிடைத்தது பாதித் தகவல். கடை இருக்காது என்ற செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. காய்கறி வண்டி எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்பது போய்ச் சேரவில்லை. இரண்டாவது பாதி சேராவிட்டால் முதல் பாதி பயத்தைத்தான் கிளப்பும். அந்த இரண்டாவது பாதி உள்ளூர்க்காரர் சொல்ல வேண்டியது. தலைமைச் செயலகத்திலிருந்து சொல்ல முடியாது.

அடுத்தது கசப்பான விஷயம்: சாவு எண்ணிக்கை. 2020 ஜூனில் சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த கொரோனா இறப்புகளுக்கும் மாநில அறிக்கையில் வந்ததற்கும் பெரிய வித்தியாசம் இருப்பது வெளியே வந்தது. அரசு குழு அமைத்து, ஜூலை 22 அன்று விட்டுப்போன 444 இறப்புகளைக் கணக்கில் சேர்த்தது. இதில் எவ்வளவு அலுவலகக் குளறுபடி, எவ்வளவு வேண்டுமென்றே செய்தது என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. பதிவேடு எழுதிய கை என்பதால் ஒன்று மட்டும் சொல்வேன்: மருத்துவமனைச் சீட்டு, உள்ளாட்சிப் பதிவு, மாவட்ட அறிக்கை என மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதப்படுவது நடக்கக்கூடியதுதான். எம்.எல்.ஏ.வுக்கு இதில் என்ன பங்கு என்றால், மயானத்தில் வேலை பார்க்கிறவருக்கு உண்மை தெரியும். அவர் சொல்லித் தெரு முழுக்கத் தெரியும். அந்தத் தெருவில் எம்.எல்.ஏ. போய் நின்றுகொண்டு அறிக்கையில் இருப்பதை மட்டும் ஒப்பித்தால், மறுநாள் அவர் தடுப்பூசி பற்றிச் சொல்வதையும் யாரும் நம்ப மாட்டார்கள். "அரசுக் கணக்கு இது. நம் பகுதியில் இதைவிடக் கூடுதலாக இருப்பதாகத் தெரிகிறது. விசாரிக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் போதும். ஆளுங்கட்சிக்காரருக்கு இது கஷ்டம். எதிர்க்கட்சிக்காரருக்கு இது ரொம்ப சுலபம், அதனாலேயே கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடுவார். பொய்யான எச்சரிக்கை பரப்பிப் பீதி கிளப்பினால் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. எம்.எல்.ஏ.வுக்கு அதில் விலக்கு எதுவும் கிடையாது.

சொல்லக்கூடாததும் இருக்கிறது. எங்கள் ஆபீஸ் வேலையில் லைன் லிஸ்ட் என்று ஒன்று. எக்செல் ஷீட்டில் தொற்று உறுதியானவரின் பெயர், வயது, அப்பா பெயர், கதவு எண், தெரு, செல்போன் எண், மாதிரி எடுத்த தேதி எல்லாம் வரிசையாக இருக்கும். தொடர்புகளைத் தேடிப் போகிற எங்களுக்கு அது இல்லாமல் வேலை ஓடாது. முதல் அலையில் இந்த ஷீட் சாயங்காலம் எங்களுக்கு வரும், ராத்திரிக்குள் ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும். எந்தக் கை வழியாகப் போயிற்று என்று கண்டுபிடிக்கவே முடியாது. மறுநாள் காலையில் நாங்கள் போவதற்குள் அந்த வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் வருவதை நிறுத்தியிருப்பார். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணாக இருந்தால் வேலை போயிருக்கும். விளைவு என்ன? அடுத்த தெருவில் காய்ச்சல் வந்தவர் பரிசோதனைக்குச் சளி கொடுக்க வரவில்லை. எங்களைப் பார்த்தாலே பாராசிட்டமாலை முழுங்கிவிட்டு "காய்ச்சல் இல்லை சார்" என்றார்கள். வீட்டு வாசலில் ஒட்டும் நோட்டீசும் இதே கதைதான். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே, உரிய அதிகாரி தனியாக உத்தரவு போட்டாலொழிய அப்படி ஒட்டத் தேவையில்லை என்று சொன்னது. தெருப் பெயர் வரை சொல்லலாம், கதவு எண் சொல்லக்கூடாது என்பது என் கணக்கு. ஐந்தாறு வீடு மட்டும் இருக்கும் சந்து என்றால் தெருப் பெயரும் வேண்டாம்.

ஆளைச் சொல்லக்கூடாது என்பது போலத்தான் கூட்டத்தைச் சொல்லக்கூடாது என்பதும். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் டெல்லியில் நடந்த முஸ்லிம் சமய மாநாட்டுக்குப் போய் வந்தவர்கள் என்று அறிக்கையில் வந்ததும், ஊர்களில் முஸ்லிம் வியாபாரிகளைத் தெருவுக்குள் விடாத அளவுக்குப் போய்விட்டது. பிறகு அரசு அறிக்கையிலேயே "ஒரே மூலத்திலிருந்து" என்று வாசகத்தை மாற்றினார்கள். அதற்குள் கெட்டது நடந்துவிட்டது. இப்படி நேரத்தில், கட்சியைத் தாண்டி எல்லா ஓட்டும் வேண்டும் என்கிற ஒருவர் தெருவில் வந்து நின்று நாலு வார்த்தை சொன்னால் அதன் மதிப்பே வேறு. அதே மாதம் 19ஆம் தேதி இரவு, கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் கல்லெறிந்தது. புதைத்தால் காற்றில் நோய் பரவும் என்று அந்த மக்கள் உண்மையாகவே நம்பினார்கள். ஒரு வாரத்துக்குள், தடுப்பவர்களுக்கு மூன்றாண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் வந்தது. சட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் உடலால் நோய் பரவாது என்பதை அந்தப் பகுதிக்கு யார், எப்போது சொல்லியிருந்தார்கள்?

மருந்து விஷயத்தில் எம்.எல்.ஏ.க்கள் வாயைக் கட்ட வேண்டும் என்பேன். கபசுரக் குடிநீர் கொடுக்காத கட்சி இல்லை. அதற்குக் கொரோனாவைத் தடுக்கும் சக்தி உண்டா என்பதில் சித்த மருத்துவர்களுக்கும் அலோபதி மருத்துவர்களுக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது. உறுதியாகத் தடுக்கும் என்று சொல்லும் அளவுக்குப் பெரிய ஆய்வுகள் கிடையாது. சந்தேகமே இல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஷாமியானா போட்டு, அண்டாவில் கொதிக்கக் கொதிக்க வைத்து, நூறு பேரை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவரும் மாஸ்க்கை தாடைக்கு இறக்கிவிட்டு அங்கேயே குடித்தால், குடிநீர் எதைத் தடுத்தாலும் அந்த வரிசை நோயைப் பரப்பும். இரண்டாவது அலையில் ரெம்டெசிவிர் மருந்து வாங்கச் சென்னை கீழ்ப்பாக்கத்திலும், அப்புறம் நேரு விளையாட்டரங்கத்திலும் ஜனங்கள் நின்ற வரிசையும் அப்படியே. சிபாரிசுக் கடிதம் கேட்டு எம்.எல்.ஏ. வீடுகளில் கூட்டம். உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்று 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. கடிதம் கொடுத்தவர்கள் யாரும் அதை மக்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. வீட்டில் ஆள் மூச்சுத் திணறிக்கொண்டு கிடக்கும்போது அதைச் சொல்வது சுலபமில்லை என்பதும் எனக்குப் புரிகிறது.

பக்கத்து மாநிலமான கேரளத்தைப் பார்த்தால் 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் நிபா வைரஸ் நோய் வந்தது. மொத்தம் 17 பேர் இறந்தார்கள். பேராம்பிரா எம்.எல்.ஏ. டி.பி. ராமகிருஷ்ணன் அப்போது மந்திரியாகவும் இருந்தார். சுகாதார அமைச்சர் கே.கே. ஷைலஜாவும் கோழிக்கோட்டிலேயே தங்கி, அன்றாடம் பத்திரிகையாளர்களிடம் நிலவரம் சொன்னார். அங்கேயும் வதந்தி பறந்தது. தன்னை வைத்தியர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், வௌவால் கடித்த பழத்தைத் தின்பதாக வீடியோவே போட்டார். தாலுகா மருத்துவமனை நர்சுகளைப் பக்கத்தில் உட்கார விடாமல் மக்கள் ஒதுக்கினார்கள். ஆனாலும் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வாயிலிருந்து, இன்று என்ன தெரியும், எந்தச் சோதனை முடிவு இன்னும் வரவில்லை என்று வந்துகொண்டிருந்தது பீதியைக் கட்டுக்குள் வைத்தது என்பது என் கருத்து. நோய் நின்றதற்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்ததும் மருத்துவமனையில் தொற்றுத் தடுப்பை இறுக்கியதும்தான் நோயை நிறுத்தியவை. அப்புறம் அது ஒரு சின்ன வட்டாரத்துக்குள் அடங்கிய நோய். கொரோனாவோடு நேராக ஒப்பிடவும் முடியாது.

நம் ஊரில் தகவல் அடியோடு வற்றிப்போனது 2021 ஏப்ரலில். 6ஆம் தேதி ஓட்டுப் போட்டோம், மே 2 அன்றுதான் எண்ணினார்கள். இரண்டாவது அலை ஏறிக்கொண்டிருந்த அந்த நாட்களில் பழைய எம்.எல்.ஏ. சோர்ந்து உட்கார்ந்துவிட்டார், வேட்பாளர்கள் ஜெயித்தோமா என்று தெரியாமல் ஒதுங்கிவிட்டார்கள், தேர்தல் நடத்தை விதி வேறு அமலில் இருந்தது. அந்த நேரத்தில்தான் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள், ஏப்ரல் 17, மாரடைப்பால் இறந்தார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர்கள் உடனே சொன்னார்கள். மத்திய அரசின் குழுவும் ஆராய்ந்து அதையேதான் பின்னால் சொன்னது. ஆனால் எங்கள் முகாமில் காலி நாற்காலிகள். தெருவில் இறங்கி "நானும் போட்டுக்கொண்டேன், பாருங்கள்" என்று சொல்ல, ஊருக்குத் தெரிந்த முகம் ஒன்று அப்போது தேவைப்பட்டது. மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று என்று உச்சம் தொட்டது. அதற்குச் சில நாட்கள் முன்பு புது அரசு எல்லாக் கட்சி எம்.எல்.ஏ.க்களையும் வைத்து 13 பேர் ஆலோசனைக் குழு அமைத்து, முந்தைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கரையும் அதில் சேர்த்தது. நல்ல காரியம், ஒரு மாதம் முன்னாடியே வந்திருக்க வேண்டியது.

இதற்காக எம்.எல்.ஏ. நாள் முழுக்கத் தெருவில் நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிவாரண வேலைகளில் அலைந்த சேப்பாக்கம்–திருவல்லிக்கேணி எம்.எல்.ஏ. ஜெ. அன்பழகன் 2020 ஜூன் 10 அன்று, தன் 62ஆவது பிறந்தநாளிலேயே, கொரோனாவால் இறந்தார். அரிசிப் பை கொடுக்க ஆயிரம் பேரைக் கூட்டுவதைவிட, ஒரு ஆளைப் போன் அருகில் உட்கார வைப்பது மேல். அந்தப் போனில் வரும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்தில் ஒரு எம்.எல்.ஏ.வின் உதவியாளர் அப்படி எழுதினார். சாயங்காலம் அதைப் போட்டோ எடுத்து வட்டார மருத்துவ அலுவலருக்கு அனுப்புவார். ஒரே ஊராட்சியிலிருந்து "அம்மாவுக்கு வாசனை தெரியவில்லை, என்ன செய்ய" என்று நாலைந்து போன் வந்திருந்ததை அந்த நோட்டில் பார்த்துத்தான் அங்கே காய்ச்சல் முகாம் போட்டோம். எங்கள் கிராம சுகாதார செவிலியரின் அறிக்கையில் அந்த ஊரில் ஒரு தொற்றும் இல்லை. அவர் மேல் தப்பில்லை, வீட்டுக்குள் விட்டால்தானே அவர் பார்ப்பார். இதனால் எத்தனை உயிர் பிழைத்தது என்று கணக்குக் காட்ட யாராலும் முடியாது. ஆனால் அந்த எம்.எல்.ஏ. போட்ட முகநூல் பதிவுகள் எல்லாவற்றையும்விட அந்த நோட்டு எங்களுக்கு உதவியது.

ஆகவே உங்கள் எம்.எல்.ஏ. செய்தது விளம்பரமா என்று என்னைக் கேட்டால், கொஞ்சம் விளம்பரமும் இருந்திருக்கும், இருக்கட்டும். அவர் ஆபீசில் கேட்க வேண்டியது வேறு. அன்று வந்த புகார்களை எழுதி வைத்தார்களா, யாருக்கு அனுப்பினார்கள், சட்டமன்றத்தில் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை, அதாவது துறைக்குப் பணம் ஒதுக்கும் விவாதம், வந்தபோது அதில் எதையாவது அவர் எழுந்து கேட்டாரா? சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் வருகின்றன. அவர் பெயர் வரும் பக்கங்களைத் தேடிப் பார்க்கலாம்.